இதர செலவு: ஊர்ப் பொருளாளர்களுக்கு ஒரு மடல்

காரைக்கால் வட்டாரத்தில் இந்த ஆண்டு புதிதாகப் பொருளாளர் ஆகியிருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,



நம் ஊர்ப் பொதுக்குழு எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தலைவர் பதவிக்கு நாலு பேர் முட்டிக்கொள்வார்கள். செயலாளர் பதவிக்கு இரண்டு பேராவது கைதூக்குவார்கள். "பொருளாளர் யாருப்பா?" என்று கேட்டதும் பின்வரிசையில் ஆளாளுக்குச் செருப்பைத் தேடுவார்கள். கடைசியில் பி.காம். படித்த பாவத்துக்கு ஒருவரைப் பிடித்து உட்கார வைப்பார்கள். அப்படி உட்கார வைக்கப்பட்டவர்களுக்குத்தான் இந்த மடல். கோயில் விழாக் குழு, கந்தூரிக் குழு, பங்குப் பேரவை, மீனவர் பஞ்சாயத்து, மகளிர் குழு, முன்னாள் மாணவர் சங்கம், குடியிருப்போர் நலச் சங்கம் என்று எதுவாக இருந்தாலும் சரி, நோட்டுப் புத்தகம் உங்கள் கையில் வந்திருக்கிறது.

நான் இதே ஊரில் தணிக்கைத் தொழில் பார்க்கிறவன். காசு வாங்கிக்கொண்டு பார்த்த கணக்கும் உண்டு, வாங்காமல் பார்த்ததும் உண்டு. இரண்டாவது வகைதான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. அதனால் பற்று வரவு பற்றி நான் பாடம் எடுக்கப் போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். அது கொஞ்சம் கடைசியில் வரும். முதலில் ஒரு விமானியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கனடாக்காரர். நம் ஊருக்கு வந்ததே இல்லை. ஆனால் நமக்குத் தெற்கே இருக்கிற கடலில் ஒரு சாயங்காலம் அவர் செய்தது, பொருளாளர் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய காரியம்.

லியோனார்டு பிர்ச்சால் 1915 இல் ஒன்டாரியோ மாநிலத்தின் செயின்ட் கேதரின்ஸ் ஊரில் பிறந்தார். கிங்ஸ்டன் ராணுவக் கல்லூரியில் படித்து முடித்து, கனடா விமானப் படையில் விமானி ஆனார். இரண்டாம் உலகப் போரில் அவர் இருந்த 413 ஆம் படைப்பிரிவு ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகளில் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர்களிடம் விழுந்தது, மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. அடுத்தது இலங்கைதான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. படைப்பிரிவைக் காலிக்குப் பக்கத்தில் இருக்கும் கொக்கல என்ற காயலுக்கு மாற்றினார்கள். அவர்கள் ஓட்டியது கேட்டலினா. தண்ணீரில் இறங்கித் தண்ணீரிலிருந்தே கிளம்பும் பெரிய விமானம். வேகம் குறைவு, ஆனால் நாள் முழுக்கக் கடலுக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கும். பிர்ச்சால் வந்து இறங்கியது ஏப்ரல் 2. இரண்டே நாளில் ரோந்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஏப்ரல் 4, சனிக்கிழமை. விடிவதற்கு முன்பே கிளம்பியவர்கள் சாயங்காலம் வரை தென்கடலில் கோடு போட்டதுபோல் மேலும் கீழும் பறந்தார்கள். ஒன்றும் இல்லை. திரும்பலாம் என்ற நேரம் வந்தது. தாங்கள் இருக்கும் இடத்தைச் சரிபார்த்துவிட்டுப் போகலாம், நிலவு எழட்டும் என்று வழிகாட்டும் அதிகாரி சொன்னார். கடலுக்கு மேல் சாலையும் இல்லை, மைல் கல்லும் இல்லை. சூரியனையும் நிலவையும் நட்சத்திரத்தையும் அளந்து, கணக்குப் போட்டுத்தான் இடத்தைக் குறிக்க வேண்டும். அந்தச் சரிபார்ப்புக்காகக் காத்திருந்தபோதுதான் தெற்குத் தொடுவானத்தில் சில புள்ளிகள் தெரிந்தன.

கொஞ்சம் நின்று இதைப் பாருங்கள். வேலை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்ற நேரத்தில், இருப்பைச் சரிபார்க்காமல் போகமாட்டேன் என்று ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். ராத்திரி பதினொரு மணிக்கு உண்டியல் எண்ணி முடித்த பிறகு இன்னொரு தரம் எண்ணச் சொல்லும் பொருளாளரை மற்றவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த விமானத்திலும் யாராவது ஒருவர் அப்படிப் பார்த்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

புள்ளிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடியிருக்கலாம். ஆனால் 'என்னமோ கப்பல் வருது' என்று சொன்னால் கொழும்புக்குப் பயன் கிடையாது. எத்தனை கப்பல், என்ன வகை, எந்த இடம், எந்தத் திசை, என்ன வேகம் என்று சொல்ல வேண்டும். அதற்கு நெருங்கிப் போய் எண்ண வேண்டும். நெருங்கினார்கள். ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் படை அது. நாலு மாதத்துக்கு முன்னால் பேர்ல் ஹார்பரைத் தாக்கிய அதே படை. ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களும், அவற்றைச் சூழ்ந்து போர்க்கப்பல்களும். கப்பல்களிலிருந்து ஜீரோ போர் விமானங்கள் மேலே ஏறின. கேட்டலினாவால் அவற்றிடமிருந்து தப்பி ஓட முடியாது. வானொலி இயக்குபவர் செய்தியைத் தட்டத் தொடங்கினார். ஒரே செய்தியை மூன்று முறை அனுப்ப வேண்டும் என்பது விதி. மூன்றாவது முறை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே குண்டு பாய்ந்து கருவி போய்விட்டது. எரிகிற விமானத்தைப் பிர்ச்சால் கடலில் இறக்கினார். ஒன்பது பேரில் மூன்று பேர் செத்துப்போனார்கள். மிச்சம் ஆறு பேரையும் ஒரு ஜப்பானிய நாசகாரிக் கப்பல் கடலிலிருந்து தூக்கிச் சிறைப்பிடித்தது.

செய்தி அனுப்பினாயா என்று கேட்டு அடித்தார்கள். இல்லை என்று சாதித்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து, 'செய்தி முழுதாக வரவில்லை, திரும்ப அனுப்பு' என்று வானொலியில் கேட்டார்கள். ஜப்பானியர்களும் அதைக் கேட்டுவிட்டார்கள். பிறகு விழுந்த அடி வேறு கணக்கு.

ஆனாலும் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. துறைமுகத்தில் கிளம்பத் தயாராக இருந்த கப்பல்களை ராத்திரியோடு ராத்திரியாக வெளியே அனுப்பினார்கள். மறுநாள் ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. காலையில் விமானங்கள் கொழும்பின் மேல் வந்தபோது கப்பல்கள் பல துறைமுகத்தில் இல்லை. 'இலங்கையைக் காத்தவர்' என்று பிர்ச்சாலை அதன் பிறகு அழைத்தார்கள். இதில் நான் ஒரு குறிப்பு சேர்க்க வேண்டும், இல்லையென்றால் கணக்கு நேராகாது. எச்சரிக்கை கையில் இருந்தும், குண்டு விழுகிற நிமிடம் வரை ரத்மலானை விமானத் தளத்தில் போர் விமானங்கள் தரையில் நின்றிருந்தன. அதே நாளில் டார்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் தெற்கே மூழ்கின. 9 ஆம் தேதி திருகோணமலை தாக்கப்பட்டது; மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் 300 பேருக்கு மேல் பலிகொடுத்து மூழ்கியது. வங்காள விரிகுடாவில் மட்டும் அந்த ஒரு வாரத்துக்குள் 20 க்கும் மேற்பட்ட சரக்குக் கப்பல்கள் போயின. சரியாக எண்ணிச் சொல்வது பார்த்தவன் வேலை. கேட்டவன் வேலை அதற்குப் பிறகு தொடங்குகிறது. அந்த இரண்டாவது வேலையைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

அப்போது நம் ஊர் பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தது. பாரிஸ் 1940 இல் ஜெர்மானியர்கள் கையில் விழுந்ததும் ஆளுநர் லூயி போன்வென், ஜெர்மனியை எதிர்த்து நின்ற தெகோல் பக்கம் சேர்ந்துவிட்டதால், காரைக்காலும் நேச நாடுகள் பக்கம்தான். எல்லைக்கு அப்பால் பிரிட்டிஷ் ஆட்சி. ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னை கதிகலங்கிப் போனது. அரசு அலுவலகங்கள் உள்மாவட்டங்களுக்கு மாறின, விலங்குக் காட்சிசாலையில் இருந்த கொடிய விலங்குகளைச் சுட்டுக்கொன்றார்கள், மூட்டை கட்டிய குடும்பங்கள் சொந்தக் கிராமங்களுக்கு ரயில் ஏறின. நம் சனங்கள் பலருக்கு இன்னொரு கவலையும் இருந்தது. வீட்டு ஆண்கள் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சைகோனில். சுங்கத்திலும் வரி வசூலிலும் நீதிமன்றத்திலும் கணக்கும் பதிவேடும் எழுதப்போன காரைக்கால், புதுச்சேரிக்காரர்கள் ஏராளம். அந்தக் கரையில் ஜப்பான் படை. பணமும் வராது, கடிதாசியும் வராது. கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வீடுகள் இங்கே எத்தனையோ.

சரி, பிர்ச்சாலுக்கு வருவோம். அவர் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியே இனிமேல்தான். மற்றவர்கள் எழுதும்போது சிறை வாழ்க்கையைச் சுருக்கமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஜப்பானில் மூன்று வருடத்துக்கு மேல் அவர் போர்க் கைதி. முதலில் விசாரணை முகாம், பிறகு யோக்கஹாமா. முகாமில் மூத்த அதிகாரி என்ற முறையில் கைதிகளுக்காகப் பேசும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. நோயாளிகளைக் கப்பல் பட்டறை வேலைக்கு இழுத்துப் போனபோது, அவர்களை விடாவிட்டால் யாரும் வேலை செய்யமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார். அதற்காக அடிபட்டார். தண்டனை முகாமுக்கு மாற்றப்பட்டார். நோயாளி ஒருவரை அடித்த காவலாளியைத் தானே திருப்பி அடித்ததும் உண்டு. இதெல்லாம் வீரம். இதற்கு 1946 இல் பிரிட்டிஷ் அரசு விருது கொடுத்தது.

அதோடு அவர் இன்னொன்றும் செய்தார். எழுதினார். முகாமில் நடந்ததைக் குறிப்பேடுகளில் எழுதி, சிக்காமல் மண்ணில் புதைத்து வைத்தார். மாட்டினால் உயிர் போயிருக்கும். போர் முடிந்ததும் அந்தக் குறிப்பேடுகள் போர்க் குற்ற விசாரணைகளில் சான்றாயின. அவரே ஜப்பானுக்குப் போய்ச் சாட்சி சொன்னார். நீதிமன்றத்தில் 'ரொம்பக் கொடுமைப்படுத்தினார்கள் ஐயா' என்று அழுதால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தேதியைக் கேட்பார். தேதி வைத்திருந்தார். தணிக்கைத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. ஞாபகத்திலிருந்து எழுதிய வவுச்சரும் அன்றன்றைக்கு எழுதிய வவுச்சரும் பார்த்த மாத்திரத்தில் எங்களுக்குத் தெரிந்துவிடும். ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரே சாய்வு, மாதம் பன்னிரண்டும் ஒரே ராத்திரியில் நடந்ததுபோல் இருக்கும். உண்மையான நாளேட்டில் மை மாறும், அவசரம் தெரியும், ஓரத்தில் டீக்கறை இருக்கும்.

போருக்குப் பிறகு அவர் கிங்ஸ்டன் ராணுவக் கல்லூரிக்குத் தலைவராக இருந்தார். 1967 இல் ஓய்வு பெற்றதும், டொரன்டோவில் யார்க் பல்கலைக்கழகத்தின் நிர்வாகவியல் பிரிவில் தலைமை நிர்வாக அலுவலர் வேலையில் சேர்ந்தார். பெரிய விமானிகளின் கதையில் இந்தப் பகுதிக்கு யாரும் படம் எடுக்கமாட்டார்கள். எனக்கு அந்த மேசைதான் கண்ணில் நிற்கிறது. வானத்தில் எண்ணியவர், சிறையில் எழுதியவர், கடைசியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கோப்பு பார்த்தார். 2004 செப்டம்பர் 10 அன்று, 89 வயதில் இறந்தார்.

இப்போது நம் பக்கத்து ஆள். விமானம் ஓட்டியவரல்ல. பிர்ச்சாலை அவர் கேள்விப்பட்டிருக்கவும் வாய்ப்பில்லை.

ஆர். சிவபோகம், 1907 இல் பிறந்தவர். சகோதரி சுப்புலட்சுமி நடத்திய லேடி வெலிங்டன் பள்ளியில் படித்து, சென்னை ராணி மேரிக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். சுதந்திரப் போராட்டத்தில் இறங்கி, ஓராண்டு சிறையில் இருந்தார். அந்தக் காலத்தில் தணிக்கையாளர் ஆக வேண்டுமென்றால் ஜி.டி.ஏ. என்ற அரசுக் கணக்கியல் பட்டயத் தேர்வு எழுத வேண்டும், ஒருவரிடம் தொழில் பயிற்சி எடுக்க வேண்டும். சிவபோகம் சென்னைத் தணிக்கையாளர் சி. எஸ். சாஸ்திரியிடம் பயிற்சி எடுத்து, 1933 இல் தேர்ச்சி பெற்றார். இந்தியாவில் அந்தத் தேர்வில் வென்ற முதல் பெண் அவர்தான்.

தேர்ச்சி பெற்றாயிற்று, பலகை மாட்டலாம் என்றால் அரசு குறுக்கே நின்றது. சிறை சென்றவர்களைக் கணக்காளராகப் பதிவு செய்யக் கூடாது என்று விதி. கதராடை கட்டிச் சிறைக்குப் போன ஒருத்தியின் கையெழுத்தை நம்பி எந்தக் கம்பெனியின் லாப நட்டக் கணக்கை ஏற்பது என்பது அவர்கள் வாதம். நியாயமாகப் பார்த்தால் வாதம் தலைகீழாக இருக்க வேண்டும். தன் கொள்கைக்காக ஒரு வருடம் சிறையில் இருந்த ஆள், ஒரு கம்பெனி முதலாளி கண்ணடித்ததற்காகக் கையெழுத்துப் போடமாட்டார் அல்லவா? சிவபோகம் நீதிமன்றம் போனார். வழக்கில் வென்றார். 1937 இல் தனியாகத் தொழில் தொடங்கினார். தேர்வில் வென்றதற்கும் பலகை மாட்டியதற்கும் நடுவே நாலு வருடம். பட்டயக் கணக்காளர் சட்டம் 1949 இல் வந்தது. மறுவருடம் அவர் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் மூத்த உறுப்பினர் ஆனார். 1955 முதல் 1958 வரை தென்னிந்திய மண்டலக் குழுவின் தலைவர். அந்த நாற்காலியில் முதல் பெண் அவர்தான். சி.ஏ. இறுதித் தேர்வில் முதலிடம் பெறும் பெண்ணுக்கு அவர் பெயரில் ஒரு பரிசு 1956 இல் ஏற்படுத்தப்பட்டது. 1966 இல் காலமானார்.

இன்று காரைக்காலில் அவ்வையார் அரசு மகளிர் கல்லூரியில் வணிகவியல் படிக்கும் பெண்களைப் பார்க்கிறேன். அவர்களில் சிலர் என் அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வருகிறார்கள். சிவபோகம் யார் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிய வைக்க வேண்டியது எங்கள் தலைமுறையின் வேலையாக இருந்தது, செய்யவில்லை. தங்கைகளுக்கு இங்கே தனியாக ஒன்று சொல்லிவிடுகிறேன். மகளிர் குழுக் கணக்கு தவிர வேறு பொதுக் கணக்கு எதிலும் உங்களைப் பொருளாளராகப் போடமாட்டார்கள். கேட்டு வாங்குங்கள். விழாக் குழுவில் கேளுங்கள், பஞ்சாயத்தில் கேளுங்கள். 1930 களில் ஒருவர் அரசாங்கத்தையே கேட்டிருக்கிறார்.

பஞ்சாயத்தில் ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், அதற்குக் காரணம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26.

பிர்ச்சால் இறந்து மூன்றரை மாதம். அன்றும் ஞாயிற்றுக்கிழமைதான். காலை 6:28 க்குச் சுமத்ரா பக்கம் கடலடியில் பூமி நடுங்கியது. நம் கரைக்கு அலை வந்தபோது ஒன்பது மணியை நெருங்கிவிட்டது. இடையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. கடற்கரையிலிருந்து ஊருக்குள் ஒரு குழந்தை நடந்தே வந்து சேர அது போதும். விமானப் படையின் கார் நிக்கோபார் தளத்திலிருந்து எட்டு மணிக்குள்ளேயே, தீவு மூழ்குகிறது, எங்கும் தண்ணீர் என்று கடைசிச் செய்தி வந்ததாக அன்றைய விமானப் படைத் தலைவர் பிறகு சொன்னார். பார்த்தவர்கள் இருந்தார்கள். சொன்னவர்களும் இருந்தார்கள். கேட்டவன் வேலைதான் நடக்கவில்லை. தில்லியில் வானிலைத் துறை அனுப்பிய தொலைநகல், மே மாதமே பதவி போய்விட்ட பழைய அமைச்சரின் வீட்டுக்குப் போனது. முகவரிப் பட்டியலை யாரும் திருத்தவில்லை. ஆட்சி மாறி ஏழு மாதமாகியும் ஒரு பட்டியலில் ஒரு பெயரை மாற்றும் குமாஸ்தா வேலை நடக்கவில்லை.

அந்தச் செய்தி சரியான அமைச்சருக்குப் போயிருந்தாலும் கிளிஞ்சல்மேடு மாதிரியான மீனவக் கிராமத்துக்கு அது நேரத்தில் வந்திருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த நாளில் கரைக்குச் செய்தி கொண்டுவரும் வழியே நம்மிடம் இல்லை. ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் 2007 இல்தான் வந்தது. ஆனாலும் அந்த முகவரிப் பட்டியல் என் மனசிலிருந்து போகமாட்டேன் என்கிறது. தொழில் புத்தி. காரைக்கால் மாவட்டத்தில் ஏறக்குறைய 500 பேர் போனார்கள். பெரும்பாலும் மீனவக் கிராமங்களில், அதிலும் பெண்களும் குழந்தைகளும்.

பிறகு நிவாரணம் வந்தது. அரிசி, பாத்திரம், படகு, வலை, வீடு. அரசாங்கமும் தொண்டு நிறுவனங்களும் கிராமத்துக்குள் நேராக யாருக்கும் கொடுக்க முடியாது; பஞ்சாயத்து வழியாகத்தான். பஞ்சாயத்தின் கணக்கு தலைக்கட்டுக் கணக்கு. கல்யாணமான ஆண் ஒருவர் ஒரு தலைக்கட்டு. அவர்தான் வரி கட்டுகிறார், அவருக்குத்தான் பங்கு. நல்ல காலத்தில் இது ஒழுங்கான ஏற்பாடு. திருவிழாவுக்கும் கடல் பிரச்சினைக்கும் இதை வைத்தே ஊர் நூறு வருடம் ஓடியிருக்கிறது. கணவன் போன பெண் எந்தத் தலைக்கட்டு? அந்தக் கேள்விக்கு நோட்டில் இடம் இல்லை. நாகப்பட்டினம் முதல் காரைக்கால் வரை இந்தக் கரை முழுக்க, கைம்பெண்கள் பட்டியலில் விடுபட்டார்கள் என்ற புகார் அப்போது எழுந்தது.

நான் பார்த்த நோட்டு ஒன்று. அகலமான கோடு போட்ட நோட்டு, அட்டை ஈரத்தில் ஊறி உப்பியிருந்தது. பெயர், அப்பா பெயர், வலை எத்தனை, படகில் பங்கு எவ்வளவு. நீல மையில் வரிசையாக எழுதிக்கொண்டே வந்தவர், பின்பக்கத்தில் கறுப்பு மையில் தனியாகப் பதினொரு பெண்களின் பெயர்களை எழுதியிருந்தார். எதிரே ஒன்றும் இல்லை. இது என்னப்பா என்று கேட்டேன். "தீர்மானம் ஆகலைங்க சார். ஆனா விட்டுட்டா அப்புறம் யாரும் கேக்க மாட்டாங்க. அதான் எழுதி வச்சேன்" என்றார் அந்தப் பஞ்சாயத்துக் கணக்குப் பிள்ளை. எழுதி வைத்ததால்தான் அடுத்த கூட்டத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்ட முடிந்தது. கேள்வி வந்தது, சண்டை வந்தது. கொஞ்சம் நடந்தது, கொஞ்சம் நடக்கவில்லை. அவர் பத்தாவது கூட முடிக்காதவர்.

போதும். இனி நோட்டுப் புத்தகத்துக்கு வருகிறேன்.

உங்கள் கைக்கு வரும் பழைய கணக்குகளில் 'இதர செலவு' என்று ஒரு வரி இருக்கும். பந்தல், ஒலிபெருக்கி, பூ, அன்னதானம், மேளம் எல்லாம் தனித்தனியே போட்டுவிட்டு, கடைசியில் இதர செலவு. சில ஆண்டுகளில் பந்தலைவிட அது பெரிதாக இருக்கும். திருட்டு என்று அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் திருட்டு இல்லை. யாரோ ஒருவர் அன்றே எழுதாமல் விட்டது, பிறகு ஞாபகம் வராதது, கைக்காசு போட்டது, திருப்பிக் கேட்க வெட்கப்பட்டது எல்லாம் அந்த ஒரு வரிக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது. ஆனால் திருடுகிற ஆளுக்கும் அதைவிட வசதியான இடம் கிடையாது. நம் காரைக்கால் அம்மையார் வீட்டில் இரண்டு மாம்பழத்தில் ஒன்று குறைந்ததற்கு இறைவனே வந்து சரிக்கட்ட வேண்டியிருந்தது. உங்களுக்கு அப்படி யாரும் வரமாட்டார்கள். எனவே அந்த வரியை மொத்தத்தில் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் போகவிடாதீர்கள். போனால் பிரித்து எழுதுங்கள். நான் தணிக்கை செய்யும் சங்கங்களிடம் இதைத்தான் சொல்கிறேன். சில சங்கங்கள் என்னிடம் வருவதையே நிறுத்திவிட்டன.

இப்போது பணம் பாதிக்கு மேல் போனில் வருகிறது. சங்கத்துக்கு வங்கிக் கணக்கு இருந்தும், வசதிக்காகப் பொருளாளரின் சொந்த எண்ணுக்கு நன்கொடை அனுப்பச் சொல்கிறார்கள். வேண்டாம். ஒரு வாரம் உங்கள் மளிகைக் கணக்கும் மாரியம்மன் கணக்கும் கலந்தால், பிறகு உங்கள் வீட்டார்கூட உங்களை நம்பமாட்டார்கள். வருமான வரித் துறை கேட்கும் கேள்வி தனி. சங்கத்தின் பெயரில் கணக்கு திறக்கப் பதிவு வேண்டும் என்று வங்கி சொல்லும். பதிவு செய்யுங்கள். நம் பக்கம் 1860 ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டம். வாஞ்சூர் தாண்டி நாகூர் பக்கம் போனால் தமிழ்நாட்டின் 1975 ஆம் ஆண்டுச் சட்டம். நாகூர் நண்பர் கொடுத்த படிவத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு போய்த் திரும்பி வந்தவர்கள் நிறையப் பேர்.

முகவரிப் பட்டியலையும் பாருங்கள். அழைப்பிதழ் போகிற பட்டியல், உறுப்பினர் பட்டியல், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்கள். இது செயலாளர் வேலை என்பார்கள். செய்யமாட்டார். புயல் எச்சரிக்கை வரும் வாட்ஸாப் குழுவில் இறந்துபோனவர்களின் எண்கள் இருக்கின்றன, புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகள்களின் எண்கள் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் முடிகிற வேலை.

கணக்கைப் பொதுக்குழுவில் வேகமாகப் படித்துக் கைதட்டு வாங்கிவிட்டு மடித்துவைக்கும் வழக்கமும் இருக்கிறது. கணக்கைத் தாளில் அச்சடித்துக் கோயில் வாசலிலோ பள்ளிவாசல் சுவரிலோ மாதா கோயில் தகவல் பலகையிலோ பதினைந்து நாள் ஒட்டி வையுங்கள். யாராவது வந்து, "மேளத்துக்கு இவ்வளவா?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். கேட்பவர் உங்கள் எதிரி கிடையாது, எவ்வளவு எரிச்சலாக இருந்தாலும்.

உங்களில் யாருக்காவது கணக்கு இடித்தால் நோட்டோடு வாருங்கள். ஊர்ப் பொதுக் கணக்குக்கு நான் கட்டணம் வாங்குவதில்லை. டீ மட்டும் நீங்கள் வாங்கித் தர வேண்டும், அதற்கு ரசீதும் தேவையில்லை. வருவதற்கு முன்னால் ஒரு வேலை. போன பொருளாளரிடமிருந்து நோட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறீர்கள். எழுதி முடித்த ரசீது புத்தகங்களின் அடிக்கட்டைகள், பாதி எழுதிய புத்தகம், தொடாத புத்தகம் மூன்றையும் கேளுங்கள். அச்சகத்தில் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை அடித்தார்கள் என்று பில்லில் இருக்கும். அதோடு ஒத்துப் பாருங்கள். இடையில் ஒரு புத்தகம் குறைந்தால், புது நோட்டின் முதல் பக்கத்திலேயே அதன் எண்களைக் குறித்து, தேதி போட்டு, அவரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு வசூலுக்குக் கிளம்புங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்த் தணிக்கையாளர் ஒருவர்
காரைக்கால்